மருந்துச் சீட்டில் சோற்றுக்கும் ஒரு வரி: புதிதாகப் பணியில் சேரும் குடும்ப மருத்துவருக்கு

நான் பணியில் சேர்ந்த முதல் ஆண்டில், சர்க்கரை நோய்க்கு மாதம் தவறாமல் மாத்திரை வாங்க வந்த ஓர் அம்மாவிடம் அச்சடித்த உணவு அட்டவணை ஒன்றைக் கொடுத்தேன். காலை ஏழரைக்கு ஓட்ஸ் கஞ்சி, பத்தரைக்கு வெள்ளரிக்காய், மதியம் ஒரு கப் சோறு, இரண்டு கப் காய் என்று நீளும் அட்டவணை. அவர் அதை நான்காக மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டார். மூன்று மாதம் ஆகியும் சர்க்கரை இறங்கவில்லை. மாத்திரையைக் கூட்டினேன். நான்காவது முறை வந்தபோதுதான், "நேற்றுக் காலையிலிருந்து என்னென்ன சாப்பிட்டீர்கள் அம்மா?" என்று கேட்கத் தோன்றியது. அவர் பேருந்து நிலையத்துக்கு அருகே இட்லிக் கடை நடத்துகிறவர். காலை வியாபாரம் முடிந்ததும் மீந்த ஏழெட்டு இட்லிகளைப் பதினோரு மணிக்கு உட்கார்ந்து தின்று தீர்ப்பார். கொட்ட மனம் வராது. பசிக்காகச் சாப்பிடுவது இல்லை என்பதால் அவர் கணக்கில் அது சாப்பாட்டிலேயே சேராது. என் அட்டவணையிலும் அந்தப் பதினோரு மணி இல்லை.

நான்காவது முறை கேட்ட கேள்வியை நீங்கள் முதல் முறையே கேட்கவேண்டும் என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன். எம்.பி.பி.எஸ். முடித்து வருகிறவருக்கு, புரதக் குறைவால் உடல் வீங்கிய குவாஷியோர்கர் குழந்தையின் படம் மறப்பதில்லை. ஒரு வீட்டுக்கு மாதம் எத்தனை லிட்டர் எண்ணெய் ஆகிறது என்று கேட்டால்தான் முழிப்போம். அதைக் கல்லூரியில் யாரும் சொல்லித் தருவதில்லை. புறநோயாளிகளிடம்தான் கற்றுக்கொள்ள வேண்டும்.

நேரம் எங்கே இருக்கிறது என்பீர்கள். நியாயம்தான். பல நாடுகளில் முதல்நிலை மருத்துவர் ஒரு நோயாளியோடு செலவிடும் நேரத்தைத் தொகுத்து 2017-இல் ஓர் ஆய்வு வந்தது. சுவீடனில் சராசரி 22.5 நிமிடம், வங்கதேசத்தில் 48 விநாடி. நம் நாடு வங்கதேசத்துக்குப் பக்கத்தில் நின்றது. ஆகவே இங்கே சொல்லப்போவது எல்லாம் மூன்று நிமிடத்துக்குள் அடங்கவேண்டும், ஒரே நாளில் முடியக்கூடாது, மாதாமாதம் தொடரவேண்டும் என்ற கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள். மாதம் மூன்று நிமிடம் என்றால் ஆண்டுக்கு 36 நிமிடம். எந்தப் பெருநகர உணவியல் நிபுணரிடமும் நம் நோயாளி அவ்வளவு நேரம் உட்காரப்போவதில்லை.

1. எடை பார்க்காமல் பேச்சைத் தொடங்காதீர்கள்

எடை, உயரம், இடுப்புச் சுற்றளவு மூன்றையும் செவிலியரே முன்னதாக எடுத்துச் சீட்டில் எழுதிவிட ஏற்பாடு செய்யுங்கள். உடல் நிறைக் குறியீடு (கிலோவில் எடையை, மீட்டரில் உயரத்தின் வர்க்கத்தால் வகுத்து வருவது) 25-ஐத் தாண்டினால்தான் அதிக எடை என்று பாடநூலில் படித்திருப்போம். இந்தியர்களுக்கு 23-லேயே அதிக எடை தொடங்கிவிடுகிறது, 25 என்றால் உடல்பருமன். இடுப்புச் சுற்றளவுக்கு எல்லை, ஆணுக்கு 90 சென்டிமீட்டர், பெண்ணுக்கு 80. கை கால் குச்சியாகவும் வயிறு மட்டும் முன்னால் தள்ளியும் இருக்கும் நம் ஊர் உடல்வாகுக்கு எடை இயந்திரத்தைவிட அளவு நாடாதான் உண்மையைச் சொல்லும்.

இங்கே ஓர் எச்சரிக்கை. எடை குறைந்திருப்பதைப் பார்த்தவுடன் பாராட்டிவிடாதீர்கள். "குறைக்க முயற்சி செய்தீர்களா?" என்று முதலில் கேளுங்கள். முயற்சி இல்லாமல் ஆறு மாதம், ஓராண்டில் உடல் எடையில் 5 விழுக்காடு போயிருந்தால் அது சாதனை அன்று, அறிகுறி. காசநோய், கட்டுக்கு வராத சர்க்கரை, தைராய்டு, புற்றுநோய் என்று தேட வேண்டும். பெல்ட்டில் புதிய ஓட்டை போட்டுக்கொண்டு மகிழ்ச்சியாக வந்த ஒருவரை நானே முதுகில் தட்டிக்கொடுத்து அனுப்பியிருக்கிறேன். ஒரு மாதம் கழித்து அவருடைய சளிப் பரிசோதனை முடிவு வந்தது.

2. நேற்றைய நாளைக் கேளுங்கள்

"எண்ணெய்ப் பலகாரம் சாப்பிடுவீர்களா?" என்று கேட்டால் "இல்லை" என்றுதான் பதில் வரும். பொய் இல்லை; மருத்துவர் முன் எல்லோருக்கும் தேர்வெழுத வந்த பிள்ளையின் மனநிலை. அதனால் பொதுவாகக் கேட்காமல், நேற்று என்ற ஒரு நாளை எடுத்துக்கொள்ளுங்கள். எழுந்தது எத்தனை மணிக்கு? முதலில் வாயில் பட்டது என்ன? அதிலிருந்து படுக்கும் வரை நடந்துபோங்கள்.

பெரும்பாலும் முதல் பதில் டீ. அங்கேயே கொஞ்சம் நில்லுங்கள். எத்தனை டீ, வீட்டிலா கடையிலா, சர்க்கரை எத்தனை கரண்டி, டீயோடு என்ன? ஒரு தேக்கரண்டிச் சர்க்கரை ஏறக்குறைய 5 கிராம். இரண்டு கரண்டி வீதம் நான்கு டீ என்றால் 40 கிராம். சேர்க்கும் சர்க்கரை மொத்த ஆற்றலில் 10 விழுக்காட்டுக்குள், முடிந்தால் 5 விழுக்காட்டுக்குள் இருக்கட்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். 2,000 கலோரி சாப்பிடுகிறவருக்கு 5 விழுக்காடு என்பது 25 கிராம். சோற்றைத் தொடுவதற்கு முன்பே டீயில் அது முடிந்துவிட்டது. கூட ஒரு வடையோ பன்னோ இருந்தால் சொல்லவே வேண்டாம்.

அடுத்து சோறு. "எவ்வளவு?" என்றால் "கொஞ்சம்தான் டாக்டர்." கொஞ்சம் என்பது அளவு இல்லை. எத்தனை முறை சோறு போட்டுக்கொண்டீர்கள், சாம்பாருக்கு ஒன்று, ரசத்துக்கு ஒன்று, மோருக்கு ஒன்றா? எந்தக் கரண்டியால், எத்தனை கரண்டி? மேசையில் ஒரு குழிக்கரண்டி, ஒரு டம்ளர், ஒரு சாப்பாட்டுத் தட்டு வாங்கி வையுங்கள். அந்த மூன்று சாமான்களைப் போல எனக்குப் பயன்பட்ட கருவி வேறு இல்லை. நோயாளி தட்டின் மேல் கையால் வட்டம் போட்டு "இவ்வளவு" என்று காட்டும்போது எந்த மாதிரிப் படமும் தராத தகவல் கிடைக்கிறது.

கூட்டு, பொரியல் எவ்வளவு என்பதைத் தனியாகக் கேளுங்கள். பல வீடுகளில் காய் என்பது தொட்டுக்கொள்ள மட்டும். வேலை நேரத்தையும் கேளுங்கள். இரவுக் காவலாளிக்கும் லாரி ஓட்டுநருக்கும் நம் மூன்று வேளைக் கணக்கே பொருந்தாது.

கூட்டம் குறைவாக உள்ள நாளில் இன்னும் ஒரு கேள்வித் தொகுப்பு உண்டு. நான் அதை மளிகைக் கணக்கு என்பேன். வீட்டில் எத்தனை பேர், மாதம் எண்ணெய் எத்தனை லிட்டர், உப்பு எத்தனை கிலோ, சர்க்கரை எத்தனை கிலோ, அரிசி எத்தனை கிலோ? தட்டைப் பற்றிக் கேட்டால் கூச்சப்படுகிறவர்கள் மளிகையைப் பற்றிக் கேட்டால் சரளமாகச் சொல்வார்கள். அவர்களுடைய பதிலை எதனோடு ஒப்பிடுவது? ஹைதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-இல் வெளியிட்ட உணவு வழிகாட்டியில், 2,000 கலோரிக்கான ஒரு நாள் தட்டு இருக்கிறது: தானியம் 250 கிராம், பருப்பு பயறு 85, காய்கறி கீரை 400, பழம் 100, கொட்டைகள் வித்துகள் 35, எண்ணெய் கொழுப்பு 27 கிராம், பால் அல்லது தயிர் 300 மில்லி. தானியமும் பருப்பும் சமைக்காத எடை. உப்பு 5 கிராமுக்குள்.

இதை நான்கு பெரியவர்கள் உள்ள வீட்டுக்கு மாதக் கணக்காகப் பெருக்கிப் பாருங்கள். எண்ணெய் சுமார் மூன்றரை லிட்டர், உப்பு 600 கிராம், தானியம் 30 கிலோ. "மாதம் ஆறு லிட்டர் எண்ணெய், இரண்டு பாக்கெட் உப்பு" என்று ஒருவர் சொன்னால் வேறு சோதனை தேவையில்லை. உப்பில் ஊறுகாய், அப்பளம், கருவாடு, மோர்மிளகாய் சேரவில்லை என்பதை நினைவில் வையுங்கள். கடலோர ஊர்களில் கருவாட்டைக் கேட்காமல் இரத்த அழுத்தத்துக்கு மாத்திரை கூட்டுவது வீண்வேலை.

(அந்த ஹைதராபாத் நிறுவனத்தின் பிறப்பிடம் நம் நீலகிரி. 1918-இல் குன்னூர் பாஸ்டர் நிறுவனத்தின் ஒற்றை அறையில் ராபர்ட் மெக்கரிசன் தொடங்கிய பெரிபெரி ஆய்வுப் பிரிவுதான் அது. பெரிபெரி, தவிட்டோடு வைட்டமின் பி1-ஐயும் இழந்த தீட்டிய அரிசியையே நம்பி வாழ்கிறவர்களுக்கு வரும் நோய். நூறு ஆண்டு கழித்தும் அரிசியைப் பற்றியேதான் பேசிக்கொண்டிருக்கிறோம்.)

3. ஒன்றை மட்டும் பிடியுங்கள்

கேட்டு முடித்ததும் ஐந்தாறு தவறுகள் கண்ணில் படும். எல்லாவற்றையும் சொல்லிவிட வாய் துடிக்கும். கட்டுப்படுத்திக்கொள்ளுங்கள்; வாயைக் கட்ட வேண்டியது இந்த இடத்தில் நாம்தான். ஒரு வருகைக்கு ஒரு மாற்றம். எதை? எளிதில் விடக்கூடியதும் பலன் பெரிதாக உள்ளதும் எதுவோ அதை.

என் வரிசை இது: முதலில் குடிக்கும் சர்க்கரை, அதாவது டீ, குளிர்பானம், பழச்சாறு. அடுத்து இடைவேளைப் பலகாரம். அதற்குப் பிறகுதான் சோற்றின் அளவு. சோற்றில் கைவைப்பது ஒருவருடைய வீட்டில் கைவைப்பது போன்றது. முதல் சந்திப்பிலேயே அதைச் செய்தால் அடுத்த சந்திப்பு இருக்காது. சோற்றுக்கு வரும்போதும் "குறையுங்கள்" என்று சொல்லாமல், முதலில் பொரியலையும் கூட்டையும் தட்டில் பாதிக்குப் போட்டுக்கொள்ளச் சொல்லுங்கள். மீதியுள்ள இடத்துக்குத்தான் சோறு. வயிறு நிறையவேண்டும் என்ற நியாயமான ஆசைக்கு இது விரோதம் இல்லை.

பருப்பு விஷயத்தில் மட்டும் நாக்கை அடக்கிப் பேசுங்கள். "புரதம் நிறையச் சேருங்கள்" என்று சொல்வது எளிது. ரேஷன் கடையில் அட்டைக்கு மாதம் ஒரு கிலோ துவரம் பருப்பு 30 ரூபாய்க்குக் கிடைக்கிறது. நான்கு பேருக்கு முப்பது நாள் என்று வகுத்தால் ஆளுக்கு ஒரு நாளைக்கு 8 கிராம். வழிகாட்டி சொல்வது 85. அரிசி விலையில்லாமல் கிடைக்கிறது, பருப்பை வெளியில் வாங்க வேண்டியிருக்கிறது. தட்டு அரிசியால் நிரம்புவதற்கு நாக்கு மட்டும் காரணம் இல்லை. அதனால் நான் கொண்டைக்கடலை, தட்டைப்பயறு, நிலக்கடலை, முட்டை ஆகியவற்றில் அந்த வீட்டுக்கு எது கட்டுப்படியாகும் என்று கேட்டு, அதில் ஒன்றைச் சொல்கிறேன். ஒரு முட்டையில் 6 கிராம் புரதம். டப்பாவில் வரும் புரத மாவு என் சீட்டில் ஏறியதே இல்லை.

இங்கே ஒரு பொறி உண்டு. நம் ஊரில் சர்க்கரை நோய் என்றவுடன் எல்லோரும் ஒன்றுக்குப் பதில் இன்னொன்றைத் தேடுவார்கள். சோற்றுக்குப் பதில் சப்பாத்தி, சர்க்கரைக்குப் பதில் நாட்டுச் சர்க்கரை, கருப்பட்டி, தேன், பிஸ்கட்டுக்குப் பதில் ரஸ்க். ஆறு சப்பாத்தியும் உருளைக்கிழங்கு குருமாவும் சாப்பிட்டுவிட்டு "சோற்றைத் தொடுவதே இல்லை டாக்டர்" என்பார்கள். கேழ்வரகு நல்ல தானியம். 100 கிராமில் ஏறக்குறைய 350 மில்லிகிராம் கால்சியம் இருக்கிறது. ஆனால் மாவாக்கிக் கரைத்துக் காய்ச்சிய கூழ் சர்க்கரையை விரைவாகவே ஏற்றும். களியோ அடையோ காயோடு, அளவோடு என்றால் சரி. கருப்பட்டி இரத்தத்துக்குள் போனால் அதுவும் சர்க்கரைதான். இதைச் சொல்லும்போது கருப்பட்டியைக் குறை சொல்லாதீர்கள். அதற்குப் பின்னால் பாட்டி இருப்பார், பனை இருக்கும், ஊர் இருக்கும். "நல்லதுதான், ஆனால் உங்கள் உடம்புக்கு இதுவும் இனிப்புக் கணக்கில் சேரும்" என்றால் போதும்.

4. சீட்டில் எழுதுங்கள்

வாயால் சொன்னது வாசலோடு போய்விடும். மாத்திரைகளின் பெயருக்குக் கீழேயே, தமிழில், எண்ணோடு எழுதுங்கள்: "டீ: நாளைக்கு இரண்டு, சர்க்கரை அரைக் கரண்டி." "மாலை வடைக்குப் பதில் சுண்டல், வாரம் ஐந்து நாள்." எழுத்து தெரியாதவருக்கு உடன் வந்தவரிடம் படித்துக் காட்டச் சொல்லுங்கள். பிறகு நோயாளியையே திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள். அவர் வாயிலிருந்து என்ன வருகிறதோ அதுதான் நாம் சொன்னது.

இவ்வளவு சின்ன மாற்றங்களால் என்ன ஆகும் என்று கேட்பவர்களுக்குச் சென்னையிலேயே விடை இருக்கிறது. டாக்டர் அ. ராமச்சந்திரன் தலைமையில் நடந்து 2006-இல் வெளியான இந்திய நீரிழிவுத் தடுப்புத் திட்ட ஆய்வில், சர்க்கரை நோயின் விளிம்பில் இருந்த 531 பேர் சேர்க்கப்பட்டார்கள். வழக்கமான ஆலோசனை மட்டும் பெற்றவர்களில் மூன்று ஆண்டில் 55 விழுக்காட்டினர் நோயாளிகள் ஆனார்கள். உணவையும் நடையையும் மாற்றிக்கொள்ளும்படி தொடர்ந்து வழிநடத்தப்பட்டவர்களில் அது சுமார் 39 விழுக்காடு. சர்க்கரை நோய்க்குத் தரும் மெட்ஃபார்மின் மாத்திரை தந்த பலனும் ஏறக்குறைய இதே அளவுதான். மாத்திரையைச் சீட்டில் எழுதும் நாம் சோற்றை எழுதாமல் விடுவதற்கு மருத்துவக் காரணம் எதுவும் இல்லை.

5. சமைப்பவரையும் உட்காரவையுங்கள்

அறுபது வயது ஆணுக்கு உப்பைக் குறைக்கச் சொல்லி அவரிடமே விளக்கிக்கொண்டிருப்பதில் பொருள் இல்லை. அவருக்கு உப்பு டப்பா எங்கே இருக்கிறது என்பதே தெரியாது. மனைவியையோ மருமகளையோ உள்ளே அழையுங்கள். ஆனால் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது போல இருக்கக்கூடாது. "நீங்கள்தான் அம்மா இதைச் செய்ய முடியும்" என்பதற்கும் "ஏன் இவ்வளவு உப்புப் போடுகிறீர்கள்?" என்பதற்கும் உள்ள தூரம் பெரிது. வீட்டுக்கே உப்பைக் குறைத்தால் தனிச் சமையல் வேண்டாம், சண்டையும் வேண்டாம்.

நோயாளி பெண்ணாக இருந்தால் கேள்வி மாறும். கடைசியாகச் சாப்பிடுகிறவர் யார்? எல்லோருக்கும் பரிமாறிவிட்டு, அடிச்சட்டியில் இருக்கும் குழம்போடு சாப்பிடுகிறவருக்குக் காயும் முட்டையும் எங்கிருந்து மிஞ்சும்? இரத்தசோகையோடு வரும் பெண்களிடம் இதைக் கணவர் அல்லது மாமியார் காதில் விழும்படியே கேட்பேன். கீரை நல்லது, எலுமிச்சை பிழிந்தால் இரும்பு இன்னும் நன்றாக உடலில் சேரும். ஆனால் ஹீமோகுளோபின் 8 உள்ள ஒரு கர்ப்பிணியை முருங்கைக்கீரையை மட்டும் நம்பி அனுப்பாதீர்கள். அவருக்கு மாத்திரை வேண்டும், அதை டீயோடு விழுங்கக்கூடாது என்பதைச் சொல்ல வேண்டும், இரும்புச்சத்து ஏன் குறைந்தது என்றும் பார்க்க வேண்டும். பிள்ளை பெற்றவளுக்குப் பத்தியம் என்று காயையும் பழத்தையும் நிறுத்தும் வீடுகளில் மாமியாரிடம் வாதாடி வென்றதாக எனக்கு நினைவில்லை. "பூண்டுக் குழம்பு அருமை, கூடவே ஒரு முட்டையும் கொடுங்கள்" என்று சேர்த்துக்கொண்டு போனதில் பலன் கண்டிருக்கிறேன்.

6. உணவைக் குறைக்கச் சொல்லுமுன் மாத்திரையைப் பாருங்கள்

இதைத் தவறவிட்டால் ஆபத்து. உடலில் இன்சுலினைச் சுரக்கவைக்கும் கிளிமிபிரைடு வகை மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவரிடம் சோற்றைப் பாதியாக்கச் சொன்னால், மருந்தின் அளவையும் அதே நாளில் மறுபரிசீலனை செய்ய வேண்டும். இல்லாவிட்டால் அவர் சர்க்கரை குறைந்து மயங்கி விழுவார், பழி உங்கள் ஆலோசனைமேல் வரும். ரமலான், புரட்டாசிச் சனி, கார்த்திகை விரதம் இவற்றுக்கு முன்பே கேட்டுவையுங்கள். வியர்வை, நடுக்கம், படபடப்பு வந்தால் மூன்று தேக்கரண்டிச் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடித்துவிட்டு, கால் மணி நேரம் கழித்துத் திரும்பப் பார்க்கவேண்டும் என்பதை வீட்டில் ஒருவருக்காவது சொல்லிவையுங்கள்.

சிறுநீரகம் பழுதானவருக்குக் குறைந்த சோடியம் உப்பு கூடாது. சோடியத்துக்குப் பதில் அதில் பொட்டாசியம் இருக்கிறது; பழுதான சிறுநீரகத்தால் அதைச் சரியாக வெளியேற்ற முடியாது. டெல்மிசார்டன், எனலாப்ரில், ஸ்பைரோனோலாக்டோன் போன்ற, உடலில் பொட்டாசியத்தைத் தேக்கக்கூடிய இரத்த அழுத்த மாத்திரை எடுப்பவருக்கும் அதே கவனம் வேண்டும். "உடம்புக்குக் குளிர்ச்சி" என்று தினமும் குடிக்கும், பொட்டாசியம் மிகுந்த இளநீரையும் அவர்களிடம் கேட்டுக்கொள்ளுங்கள். பல ஆண்டுகள் மெட்ஃபார்மின் எடுத்துவரும், கால் எரிச்சல் சொல்லும் சைவ உணவுக்காரருக்கு வைட்டமின் பி12 பாருங்கள். எல்லா எரிச்சலும் சர்க்கரையால் வருவதில்லை.

கர்ப்பிணி, வளரும் குழந்தை, பல் இழந்து ரசம் சோற்றில் காலம் தள்ளும் முதியவர் ஆகியோருக்கு எதையும் "குறை" என்று தொடங்காதீர்கள். காசநோயாளிக்கும் அப்படியே. ஜார்கண்டில் நடந்து 2023-இல் வெளியான ஆய்வில், காசநோயாளியின் வீட்டாருக்கு உணவுப் பொருள் கொடுத்ததாலேயே அவர்களில் புதிதாக நோய் வருவது ஏறக்குறைய 39 விழுக்காடு குறைந்தது. சிகிச்சைக் காலத்தில் ஊட்டச்சத்துக்காக அரசு தரும் மாதம் 1,000 ரூபாய் அவர் கணக்கில் ஏறியதா என்று கேட்பதும் உணவு ஆலோசனைதான்.

சிறுநீரக நோய், கர்ப்பகாலச் சர்க்கரை, எடை ஏறாத குழந்தை, சாப்பிட்டதை வாந்தி எடுக்கும் பதின்வயதுப் பெண் ஆகியோரை உணவியல் நிபுணரிடமோ மேல்சிகிச்சைக்கோ அனுப்பத் தயங்காதீர்கள்.

7. அடுத்த முறை, சர்க்கரை அளவைப் பார்க்குமுன்

உங்கள் கோப்பில் போன மாதம் எழுதிய அந்த ஒரு வரியைப் பாருங்கள். ஆய்வக முடிவைப் பிரிக்குமுன் அதைக் கேளுங்கள்: "மாலை வடை என்ன ஆயிற்று?" வாரம் ஐந்து நாளுக்கு இரண்டு நாள்தான் விட்டிருக்கிறார் என்றால் அந்த இரண்டு நாளைப் பாராட்டுங்கள், மற்ற மூன்று நாள் என்ன தடுத்தது என்று கேளுங்கள். டாக்டர் திட்டுவார் என்ற அச்சம் வந்துவிட்டால், வருவதற்கு முந்தைய இரண்டு நாள் பட்டினி கிடந்துவிட்டு வெறும் வயிற்றுச் சர்க்கரையை அழகாகக் காட்டுவார்கள். மூன்று மாதச் சர்க்கரைச் சராசரி (HbA1c) மட்டும் காட்டிக்கொடுக்கும்.

தனியாகச் செய்ய வேண்டியதும் இல்லை. ஆரம்ப சுகாதார நிலையத்தில் தொற்றாநோய்ப் பிரிவுச் செவிலியர் இருக்கிறார். 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தின் பெண் தன்னார்வலர்கள் மாத்திரையோடு வீட்டுக்கே போகிறார்கள். அடுப்படியைப் பார்க்க நமக்கு வாய்க்காது, அவர்களுக்கு வாய்க்கும். நீங்கள் எழுதிய அந்த வரியை அவர்களும் அறிந்திருந்தால் கேள்வி வாசலிலேயே கேட்கப்படும்.

இட்லிக் கடை அம்மாவுக்கு நான் சொன்ன யோசனை, பதினோரு மணிக்குச் சுண்டல். அவர் தலையை ஆட்டினார். அடுத்த மாதம் கேட்டபோது சுண்டல் செய்யவில்லை என்றார். "கடைசி ஈடு ஊற்றுவதை நிறுத்திவிட்டேன் டாக்டர். ஆள் வந்து உட்கார்ந்தால்தான் ஊற்றுகிறேன். மீந்தால்தானே தின்பது?" சீட்டில் சுண்டலை அடித்துவிட்டு, "கடைசி ஈடு இல்லை" என்று எழுதிக்கொண்டேன்.